காற்று சாத்தாத கதவு

அன்று காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, என் மகன். சுவரில் அப்பாவின் படம் இருந்தது. அவரையும் சேர்த்து எண்ணுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் கணக்கில் அது வராது என்றால் விட்டுவிடுங்கள். ரொட்டி சற்றுக் கருகியிருந்தது. தம்பி மனைவி கருகலைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எல்லோருக்கும் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கருகியதை அப்படியே சாப்பிடுகிறவன்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர் அம்மா. என் பேச்சில் அடித்தல் திருத்தல் இருக்காது. என்னை யாரும் இழுத்து வரவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நானாக நடந்து வந்தேன். விசாரணைக் குழு தன் முடிவில் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறது. அதையே இப்போது கடைத்தெருவிலும் கேன்டீனிலும் எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். கடைசியில் அதற்கு வருகிறேன். முதலில் கம்பெனியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தேசிய உருக்கு நிறுவனம் என்று வாசலில் பெரிய எழுத்தில் பார்க்கிறீர்கள். அது அந்தப் பெயரோடு பிறக்கவில்லை. முதலில் தனித்தனியாக மூன்று ஆலைகள். ஒன்று இரும்பை உருக்கியது, ஒன்று தகடு செய்தது, மற்றொன்று கம்பியும் ஆணியும் செய்தது. மூன்று முதலாளிகளும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தபோது அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு மூன்றையும் ஒன்றாக்கியது. அதுதான் முதல் இணைப்பு. பல வருடம் கழித்துத் துறைமுகத்து ஆலையோடு சேர்த்தார்கள். அது இரண்டாவது. இந்த வருடம் கடல் தாண்டி வந்த ஒரு பெரிய கம்பெனியோடு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டின் நிறம் மாறும், சம்பளத் தேதி மாறும், கழிப்பறைக் கதவில் எழுதியிருக்கும் எழுத்துக்கூட மாறும். மாறாமல் இருந்தது ஒன்றாம் நம்பர் ஊதுலை. அதை எழுப்பி முதல் நெருப்பை வைத்தவர் என் அப்பா. உலையின் நெஞ்சில் அவர் பெயர் பொறித்த இரும்புப் பலகை இருந்தது. மூன்று நிர்வாகங்களும் அதைத் தொடவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "ஒன்றாம் நம்பர் வீட்டுப் பிள்ளை" என்றார்கள். அது போதுமாக இருந்தது.

முதல் இணைப்புக்கு விழா எடுத்த அன்று ஒரு விபத்து நடந்தது. ஊதுலையிலிருந்து வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சில் போனால் முதலில் கால் மடங்கும், பிறகுதான் தலைக்குத் தெரியும். அது குழாய் வழியே பாய்லருக்குப் போகும். வழியில் ஒரு வால்வு அறை. அங்கே குழாய் கீழே வளைந்து மேலே ஏறும். அந்த வளைவில் தண்ணீர் நிரப்பி வைத்தால் வாயு தாண்ட முடியாது. அதை வாட்டர் சீல் என்போம். தண்ணீரை வடித்துவிட்டால் வழி திறந்துவிடும். அன்று அறைக்குள் குழாயைப் பிரித்து வைத்திருந்த ஆட்கள் வேலை முடிக்கும் முன்பே தண்ணீரை வடித்துவிட்டார்கள். நால்வர் இறந்தார்கள். அதில் ஒருவர் குழாய்க்காரர். அவர்தான் கவனமில்லாமல் வடித்துவிட்டார் என்று முடிவாயிற்று. அவர் குடும்பத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். அந்தத் தெருவில் யாரும் அவர்கள் சாமான் தூக்கக் கை கொடுக்கவில்லை.

உண்மையில் வடிக்கச் சொன்னது அப்பா. விருந்தினர் வரும்போது புகைபோக்கி புகைய வேண்டும் என்று அவசரம். குழாய்க்காரர் "கொஞ்சம் பொறுங்க ஐயா, ஆள் உள்ள இருக்கு" என்றாராம். அப்பா பொறுக்கவில்லை. குழாய்க்காரர் வால்வைத் திறந்துவிட்டு, உள்ளே இருந்தவர்களைக் கூட்டிவரத் தானே ஓடினார். அப்படித்தான் அவரும் இறந்தார்.

இதை அப்பா நான் வேலையில் சேர்ந்த அன்று என்னிடம் சொன்னார். மூத்த பிள்ளை, தெரிந்திருக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு அதைக் காப்பது என் பொறுப்பானது. ஒவ்வொரு இணைப்பிலும் புதிதாக வருகிறவர்கள் பழைய கதை கேட்பார்கள். இரண்டாவது இணைப்பில் கேட்டவர்களுக்கு "ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு" என்று நான் சொன்னேன். மூன்றாவதில் வீடு தேடி வந்து கேட்டவர்களுக்கு "ஒரு பழைய விபத்து" என்று மட்டும் சொன்னேன். கதை சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னொரு இணைப்பு வந்திருந்தால் அதுவும் இல்லாமல் போயிருக்கும்.

அந்த விபத்துக்குப் பிறகு அப்பா வால்வு அறைக்கு ஒரு கதவு செய்தார். அதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டில் செய்தது. சுவருக்கு வெளிப்பக்கம் தண்டவாளத்தில் ஓடும். தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் ஒரு சிறு பள்ளம் வைத்தார். சக்கரம் அதில் உட்கார்ந்துகொள்ளும். திறந்து வைத்தால் திறந்தே இருக்கும், சாத்தி வைத்தால் சாத்தியே இருக்கும். எந்தப் புயலுக்கும் அசையாது. ஆனால் ஆள் கை வைத்துத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல ஓடும். தாழ்ப்பாள் கிடையாது. உள்பக்கத்துக் கைப்பிடியை முழங்கால் உயரத்தில் வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்பா விளக்கம் சொல்லவில்லை. வாயு அடித்தவன் நின்றுகொண்டு கைப்பிடியைத் தேடமாட்டான், தவழ்ந்துதான் வருவான். அவ்வளவு யோசித்துச் செய்த கதவு இந்த நாட்டிலேயே வேறு எங்கும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே போய் அதற்கு எண்ணெய் விடுவார்.

இப்போது மேசைக்கு வருகிறேன்.

புதிய கம்பெனிக்கு ஒன்றாம் நம்பர் உலை வேண்டாம். ஒரு விழா வைத்து அணைத்துவிடப் போகிறார்கள். குடும்பத்தின் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று என் மகனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் அங்கேதான் அதிகாரி. தம்பி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவன், நன்றாகப் பேசுவான். அவனைப் போட்டார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை.

"சித்தப்பா, அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. இழுத்துடாதீங்க" என்றான் மகன்.

"மூணு கம்பெனி கதைய அஞ்சு நிமிஷத்துல சொல்லணுமா? இணைப்புக்குக் கல்யாணம்னு பேரு. பொண்ணு வீட்டு ஆளுங்க எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு நடத்துற கல்யாணம்" என்றான் தம்பி.

"ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கேன்டீன மூடுறாங்க. அதயும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள் அவன் மனைவி. மகன்கூடச் சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

அதன் பிறகு தம்பி ரொட்டியைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, நாளன்னிக்கு மேடையில நான் உண்மையச் சொல்லப்போறேன். வடிக்கச் சொன்னது அப்பான்னு."

அப்பா கடைசிப் படுக்கையில் அவனிடமும் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை வருடம் அவனும் வைத்திருந்திருக்கிறான். அதில் எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

"யாருக்காக?" என்றேன்.

"நர்ஸம்மாவுக்காக. நான்தான் அவங்களக் கூப்பிட்டிருக்கேன். முன் வரிசையில உக்காருவாங்க."

குழாய்க்காரரின் மகளைத்தான் சொன்னான். கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். எனக்கே பலமுறை ஊசி போட்டிருக்கிறாள். கை மென்மையாக இருக்கும்.

"செத்தவர் திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டாரு. ஆனா அவரு மேல இருக்கிற பழி போகும். அந்தம்மா இன்னும் தெருவுல குனிஞ்சுதான் நடக்குறாங்க, நீ பாத்ததில்லையா?"

"அப்ப இனிமே நாம குனிஞ்சு நடக்கணும்."

"கொஞ்ச நாள் நடப்போமே. உனக்கு முதுகுக்கு நல்லது" என்று சிரித்தான். "ரிட்டையர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் உன் முதுகு மட்டும் டியூட்டியிலயே இருக்கு."

என் மகன் எழுந்து நின்றுவிட்டான். "சித்தப்பா, என் வேலை?" என்றான். தம்பி மனைவி என் பக்கம் திரும்பினாள். "சொல்லட்டும் அத்தான். இவருக்குத் தூக்கமே இல்லை" என்றாள்.

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு "சரி, சொல்லு" என்றேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு. சத்தம் போட்டேன், சாபம் கொடுத்தேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். குடும்பத்துக்குள் குரலை உயர்த்துவது எனக்குப் பிடிக்காது.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுண்ணா. அந்தக் கதவுக் கைப்பிடியப் படம் எடுக்கணும். மேடையில திரை போடுறாங்க, அதுல காட்டணும். ஒரு தொழிலாளி தப்புன்னா அப்பா எதுக்கு அப்படி ஒரு கைப்பிடி வெக்கணும்? எதுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எண்ணெய் விடணும்? அந்தக் கதவுதான் அவரோட வாக்குமூலம்."

கதவை அவன் அப்படிப் புரிந்துகொண்டது எனக்கு வருத்தமாக இருந்தது. அது அப்பாவின் திறமை. வாக்குமூலம் இல்லை.

அன்று பகலே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் செக்யூரிட்டிகள் இன்றும் எனக்கு சல்யூட் வைப்பார்கள். ஹெல்மெட் கொடுத்தார்கள். வாயு இருந்தால் கத்துகிற சிறு அலாரம் பெட்டியும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தம்பிக்கு அதைக் குத்திக்கொள்ளத் தெரியவில்லை. அவன் சட்டைப் பையில் நானே குத்தினேன், சின்ன வயதில் பள்ளிக்கூட பேட்ஜ் குத்தியது போல. அதை இயக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை.

வால்வு அறை உலைக்குப் பின்னால், யாரும் அதிகம் வராத பக்கம். இரண்டாவது இணைப்பில் அந்தப் பழைய பாய்லரைக் கழற்றித் துறைமுகத்து ஆலைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டிய குழாயின் வாய் அறைக்குள் திறந்தபடி நின்றது. அதைத் தகடு வைத்து அடைத்திருக்க வேண்டும். கொண்டுபோனவர்கள் அடைத்திருப்பார்கள் என்று இருந்தவர்கள் நினைத்தார்கள். இருப்பவர்கள் அடைத்துக்கொள்வார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். இணைப்பு என்றால் இதுதான், அம்மா. இருவரில் யார் வேலை என்று தீர்மானமாகாமலே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வளைவில் தண்ணீர் நிறைந்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வடிகுழாய் அறைக்கு வெளியே, சுவரோரம் இருக்கிறது. தம்பி கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் அதைத் திறந்தேன். சாக்கடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னண்ணா, தண்ணி ஓடுது?"

"அது எப்பவும் ஓடுறதுதான்."

வாயு போகிற இடத்தில் தனியாக யாரும் நுழையக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் அவ்வப்போது குழாயில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார். வெளியே இருப்பவர் பதிலுக்கு ஒரு தட்டு. நான் நலம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். தட்டு வரவில்லை என்றால் உள்ளே போய் இழுக்க வேண்டும். இதைத் தம்பிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் பக்கத்துப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு சுவரில் இதைத்தான் விளையாடுவோம். அவனுக்கு இருட்டென்றால் பயம். நான் பதில் தட்டுத் தட்டினால் தூங்கிவிடுவான்.

ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன். வாசலில் நின்று திரும்பி, "உனக்கு என் மேல கோபம் இல்லையே?" என்றான்.

"இல்லடா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவன் உள்ளே போனான். தட்டினான். நான் பதில் தட்டினேன். கைப்பிடி துருப்பிடிக்காமல் இருக்கிறது என்று உள்ளிருந்தே சத்தமாகச் சொன்னான். அப்பாவின் எண்ணெய் என்று நானும் சொன்னேன். மறுபடி தட்டினான். பதில் கொடுத்தேன். அதன் பிறகு வந்த தட்டு கொஞ்சம் கோணலாக, குழாயில் பட்டும் படாமலும் வந்தது. அதற்கும் பதில் கொடுத்தேன். என் முறையை நான் ஒரு தடவையும் தவறவிடவில்லை. கடைசித் தட்டு மிகவும் கீழேயிருந்து வந்தது, தரைக்குப் பக்கத்தில். அதற்கும் கொடுத்தேன். பிறகு வரவில்லை.

நான் வடிகுழாயை மூடி, வளைவில் தண்ணீரை நிரப்பினேன். அறையைத் திறந்து, காற்று வாங்கவிட்டு, பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். இன்னொரு உயிர் போகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுவந்தபோது நர்ஸம்மா டியூட்டியில் இருந்தாள். அவன் கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. வெயிலில் விளையாடிவிட்டு வந்து தூங்குகிறவன் போல. இந்த வாயுவில் போனவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். டாக்டர் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கப்பாவும் இப்படித்தான் செவப்பா இருந்தாரு. உசிரோட இருக்காருன்னு நெனச்சு நான் தட்டி எழுப்பினேன்" என்றாள். போர்வையை இழுத்து அவன் கால் வரை மூடினாள்.

விழாவைத் தள்ளி வைத்து நடத்தினார்கள். குடும்பத்தின் சார்பில் நான் பேசினேன். அப்பாவைப் பற்றியும், கடமையில் உயிர்விட்ட தம்பியைப் பற்றியும். எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உலையை அணைத்தார்கள். பெயர்ப் பலகையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தம்பி மனைவி அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. "வாசல்லயே இருக்கட்டும் அத்தான்" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பலகை வாசல் படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மழையில் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஒருவர் போனார், ஆனால் பெயர் நின்றது. அப்பா என் இடத்தில் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

ஆனால் போன வாரம் விசாரணைக் குழுவின் முடிவு வந்தது. வடிகுழாயைச் சரியாக மூடாமல் போனதாக ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் ஒரு குழாய்க்காரரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி கம்பெனி வாசலில் நிற்கிறாள். அவர் வெளியே வந்தால் நல்லதுதான். நான் வந்தது அதற்காக இல்லை.

அந்த முடிவில் இன்னொரு வாக்கியம் இருந்தது. அதைத்தான் ஊரே பேசுகிறது. என் மகன்கூட என் எதிரிலேயே சொன்னான்: "தாத்தா போட்ட அந்தப் பழைய கதவுதான்பா சித்தப்பாவக் கொன்னுச்சு." காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம். அமைப்பு சரியில்லாததால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியவில்லையாம். அப்படி ஒரு கதவைச் செய்தவர் என் அப்பா என்று பெயரோடு சொல்லியிருக்கிறார்கள். அவர் செய்த எதையும் யாரும் குறை சொன்னதில்லை. நான் உயிரோடு இருக்கும்போது சொல்லவிட முடியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கதவைக் காற்று சாத்தவில்லை. கைப்பிடியைப் படம் எடுப்பதற்காகச் சாத்தச் சொன்னது தம்பி, சாத்தியது நான். உள்ளே இருந்து திறக்க முடியாது என்பதும் தவறு. அப்பா எப்படி நினைத்துச் செய்தாரோ அப்படியே அது வேலை செய்தது. தம்பி தவழ்ந்து வந்து, முழங்கால் உயரத்தில் கைப்பிடியைப் பிடித்து, ஒரு சாண் அளவுக்குத் திறந்தான். அவன் விரல்கள் வெளியே வந்தன. "அண்ணா" என்றான். நான் விரல்களை எடுத்து உள்ளே விட்டு மறுபடி சாத்தினேன். ஒரு கையால் தள்ளினேன், சத்தமில்லாமல் ஓடியது.

கதவில் எந்தக் குறையும் இல்லை.